திடல் ஏன் நீலமாக இருக்கிறது?

"நீலம்னா தண்ணிதானே? குளம் வெட்டப் போறாங்க போல. நல்லதுதான்," என்றார் கீழ்மாடி அங்கிள்.

என் கைப்பேசியில் இருந்த வரைபடத்தைப் பாட்டியின் குடியிருப்பில் நான் முதலில் காட்டியது அவரிடம்தான். நான்கு புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் திடல் அதில் நீல நிறத்தில் இருந்தது. அவர் குளம் என்று நினைத்ததில் தவறே இல்லை. பள்ளி நிலவரைபடத்தில் நீலம் என்றால் கடல், ஆறு, ஏரி. ஆனால், நம் நாட்டு நகரத் திட்டமிடல் வரைபடங்களில் நிறத்துக்கு வேறு அர்த்தம். குடியிருப்பு ஆரஞ்சு, தொழிற்சாலை ஊதா, திறந்தவெளி பச்சை. நீலம் என்றால் வணிகம், அதாவது கடைவீடு, அலுவலகம், பேரங்காடி.

நான் நகரத் திட்டமிடல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த வரைபடத்தைப் பார்க்கப் போனதும் சமூக அக்கறையால் அல்ல, இடுபணிக்காக. "உங்கள் ஊர் ஊராட்சி மன்றத்தின் வரைவு உள்ளூர்த் திட்டம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தால் போய்ப் பாருங்கள், இரண்டு பக்கம் எழுதுங்கள்" என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நகராண்மைக் கழகக் கட்டடத்தின் முன்கூடத்தில் பலகைகள் நின்றன. குளிர்சாதனம் நன்றாக இருந்தது. என்னையும் பாதுகாவலரையும் தவிர யாரும் இல்லை. முதலில் தேடியது பாட்டி வீட்டைத்தான். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

(எந்த நகராண்மைக் கழகம் என்று இங்கே எழுதவில்லை. அங்குள்ள அதிகாரிகள் சிலர் எங்களுக்கு மிகவும் உதவியவர்கள். நான் சொல்லப்போகும் குறை அவர்களுடையது மட்டுமல்ல, எங்களுடையதும்தான்.)

பாட்டி இருப்பது மலிவு விலை அடுக்குமாடி. ஐந்து மாடி, மின்தூக்கி கிடையாது. தொண்ணூறுகளில் தோட்டம் விற்கப்பட்டபோது அங்கிருந்த குடும்பங்களில் பாதி இங்கே வந்தன. தோட்டத்தில் லயத்துக்கு முன்னால் இருந்த இடத்தை எல்லாரும் பொதுவில் புழங்கியது போலவே இந்தத் திடலையும் புழங்குகிறார்கள். காலையில் இனிப்பு நீர் உள்ளவர்கள் நடப்பார்கள். மாலையில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். கோயில் திருவிழாவுக்குக் கூடாரம் போடுவதும், சாவு வீட்டுக்கு நாற்காலி போடுவதும் அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. கனமழை பெய்தால் திடலில் தண்ணீர் நிற்கும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கீழ்மாடி வீடுகளுக்குள் வராது. 2021 டிசம்பரில் சிலாங்கூரையும் சுற்றுவட்டாரத்தையும் புரட்டிப்போட்ட அந்த மழையிலும் வரவில்லை. அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் நாடு முழுவதும் ஏற்பட்ட வெள்ளச் சேதத்தைப் புள்ளிவிவர இலாகா 610 கோடி வெள்ளி என மதிப்பிட்டது. பாட்டியின் புளோக்கில் சேதம் இரண்டு மோட்டார், ஒரு கோழிக் கூண்டு.

"அது குளம் இல்ல அங்கிள். கடைங்க கட்டுறதுக்கு ஒதுக்கிருக்காங்க," என்றேன்.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் வரைபடத்தைப் பார்த்தார். "அப்ப தண்ணி?" என்று கேட்டார்.

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. காட்சி முடிய இன்னும் 18 நாள் இருந்தது.

நான்கு வாரம் என்றால் என்ன?

நம்மில் பலருக்கு ஊராட்சி மன்றம் என்றால் குப்பை, மதிப்பீட்டு வரி, வாகன நிறுத்தத் தண்டம். எனக்கும் பல்கலைக்கழகம் போகும் வரை அவ்வளவுதான். ஆனால், ஒரு வட்டாரத்தில் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் எங்கே வீடு வரும், எங்கே மரம் இருக்கும், எந்த ஆற்றோரம் தொடாமல் விடப்படும் என்பதைத் தீர்மானிக்கும் ஆவணத்தைத் தயாரிப்பதும் அவர்கள்தான். 'நீடித்த மேம்பாடு' என்று நாம் எஸ்பிஎம் கட்டுரையில் எழுதித் தள்ளும் சொல் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த வரைபடம்.

தீபகற்ப மலேசியாவில் இதற்கான சட்டம் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். சட்டம் 172 என்பார்கள். உள்ளூர்த் திட்டம் வரைவு நிலையில் இருக்கும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்க நான்கு வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆட்சேபித்தவர்களை நேரில் அழைத்துக் கேட்கவும் வழி உண்டு. பிறகு திட்டம் மாநிலத் திட்டமிடல் குழுவுக்குப் போகும். அதற்குத் தலைவர் மந்திரி பெசார் அல்லது முதலமைச்சர். அங்கே ஒப்புதல் கிடைத்துவிட்டால் அதுதான் திட்டம்.

அந்த நான்கு வாரம் ஏன் முக்கியம் என்பது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓர் இடத்தில் கட்டடம் கட்ட விண்ணப்பம் வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவித்து, 21 நாளுக்குள் அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது அது. ஆனால், உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்கு மட்டுமே அந்தக் கட்டாயம். திட்டம் நடைமுறையில் இருந்தால், "உங்களைத்தான் முன்பே கேட்டுவிட்டோமே" என்பது சட்டத்தின் நிலை. சில மாநிலங்கள் தனி விதிகள் மூலம் கூடுதலாகக் கேட்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆக, கேட்கப்பட்ட அந்த நான்கு வாரத்தில் நாம் எங்கே இருந்தோம்?

பாட்டியின் குடியிருப்பில் யாருக்கும் தெரியவில்லை. அறிவிப்பு நாளிதழில் வந்திருந்தது, இணையப் பக்கத்திலும் இருந்தது. மின்தூக்கியே இல்லாத கட்டடத்தின் படிக்கட்டில், எல்லாரும் கடந்துபோகும் அந்தத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு தாள்கூட இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது. ஓர் அங்கிள் மட்டும் குளம் வருகிறது என்று நினைத்திருப்பார், அவருக்கும் அந்த வரைபடம் கண்ணில் பட்டிருந்தால்.

கேட்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி மாநாட்டில் 'அஜெண்டா 21' ஏற்கப்பட்டபோது, அதன் 28ஆம் அத்தியாயம் ஊராட்சி மன்றங்களுக்கென்றே எழுதப்பட்டது. மக்களோடு உட்கார்ந்து பேசி உங்கள் ஊருக்கான திட்டத்தை வகுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மலேசியாவில் 2000ஆம் ஆண்டுவாக்கில் பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், கிரியான், மிரி ஆகிய நான்கு இடங்களில் அதற்கு முன்னோட்டம் நடந்தது. பிறகு மற்ற மன்றங்களுக்கும் பரவியது. பல நகரங்களில் இன்றும் 'எல்ஏ 21' என்ற பெயரில் கூட்டம் நடக்கிறது. போனால் பெரும்பாலும் மறுசுழற்சி, சமூகத் தோட்டம் பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால், நிலம் பற்றிய பேச்சு நடக்கும் மேசை வேறு.

அந்த மேசையில் நமக்காக யார் உட்கார்ந்திருக்கிறார்? நகராண்மைக் கழக உறுப்பினர்கள். சட்டப்படி ஒரு மன்றத்தில் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் இருப்பார்கள். அவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஒரு காலத்தில் தேர்தல் இருந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த 1965இல் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். நம்மவர். 1968இல் முடிந்த அந்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தமிழ்ப்பள்ளியிலும் சரி, இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்திலும் சரி, இந்தப் பெயரை நான் படித்ததாக நினைவில்லை.

வாக்கு இல்லாத இடத்தில் நமக்கு மிச்சமிருப்பது ஆட்சேபப் பாரம்தான்.

140 கையெழுத்தும் ஒரு திருத்தமும்

பாரம் மலாயில் இருந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய மொழிப் பள்ளிக்குப் போனவள். மலாயில் எழுத எனக்குச் சிரமமில்லை. ஆனால், 'குனா தானா' என்பதைப் பாட்டிக்கு எப்படிச் சொல்வது? நிலப் பயன்பாடு என்றால் பாட்டி தலையாட்டுவார், புரிந்திருக்காது. "இந்த இடத்த எதுக்கு வச்சிருக்காங்கன்னு கவர்மெண்டு எழுதி வைக்கிறது" என்றதும், "தோட்டத்துல பழைய மரத்துக்கு, புது மரத்துக்குன்னு பிரிச்சு எழுதுவாங்களே, அந்த மாதிரியா?" என்று கேட்டார். அந்த மாதிரிதான். அதற்குப் பிறகு எல்லாருக்கும் அப்படியே சொன்னேன்.

முதலில் நாங்கள் செய்தது தவறு. என் அத்தை மகள், படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி, நான் என மூன்று பேரும் படியேறி இறங்கி ஒரே மனுவில் 140 கையெழுத்து வாங்கினோம். 'திடலைக் காப்பாற்றுங்கள்' என்று தலைப்பு. பெருமையாக இருந்தது. கையெழுத்துப் போடத் தயங்கியவர்களும் இருந்தார்கள். "ஐசி நம்பர் கொடுத்தா பின்னால ஏதும் பிரச்சின வருமா?" என்று ஓர் ஆன்ட்டி கேட்டார். அவர் வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரருக்குக் கோபம் வருமோ என்ற பயம்.

மனுவைத் திட்டமிடல் பிரிவுக் கவுன்டரில் கொடுத்தபோது அங்கிருந்த புவான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். இதை ஒரே ஆட்சேபமாகத்தான் பதிவுசெய்ய முடியும் என்றார். ஆளுக்கொரு பாரம் கொடுத்தால், அவரவர் காரணத்தோடு தனித்தனியாகப் பதிவாகும். அதோடு, "'வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள்" என்றார்.

நான் அவரிடம் கேட்டேன், அந்த இடம் ஏன் நீலமாக்கப்பட்டது என்று. அவர் கணினியில் தேடிச் சொன்னார். அந்த நிலம் பதிவேட்டில் திடலே இல்லை. அரசாங்க நிலம், எதற்கும் ஒதுக்கப்படாதது. பிரதான சாலையை ஒட்டி இருப்பதால் வணிகத்துக்கு ஏற்றது என்று திட்டக் குழு முடிவுசெய்திருந்தது. முப்பது ஆண்டுகளாகப் பையன்கள் பந்து விளையாடியது எந்தக் கோப்பிலும் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி ஒரு பொதுப் பயன்பாட்டுக்கென அந்த நிலத்தை ஒதுக்கி அரசிதழில் வெளியிட்டால் ஒழிய, நாம் திடல் என்று அழைப்பதால் அது திடலாகிவிடாது. உங்கள் தாமான் திடலும் இப்படித்தான் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வட்டாரம் முழுவதற்கும் திட்டமிடுபவர்கள் ஒரு சிலர். அவர்களிடம் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, நில எண் இருக்கிறது, மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. மழை பெய்யும் மாலையில் பாட்டி வீட்டுப் படிக்கட்டில் அவர்கள் நின்றதில்லை. அங்கே நிற்பது நாம்தான். நமக்குத் தெரிந்ததை அவர்களுடைய பாரத்தில், அவர்களுக்குப் பயன்படும் விதத்தில் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த விவரம் வேறு யாரிடமிருந்தும் அவர்களுக்குக் கிடைக்காது.

திரும்பி வந்து வேலையை மறுபடி தொடங்கினோம், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

புலனக் குழுவில் மழைநாள் படங்களைக் கேட்டோம். திருமணப் படம், பூனைப் படம், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேதியோடு பதினேழு படம் தேறியது. படிவம் நான்கு தம்பி ஒரு துடைப்பக் கட்டையில் சென்டிமீட்டர் கோடு போட்டு, அடுத்த கனமழையில் திடலின் ஐந்து இடங்களில் ஊன்றி ஆழத்தைக் குறித்தான். அவன் அம்மா திட்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இடி இடித்துக்கொண்டிருந்தது. (அவர் திட்டியது சரி. நீங்கள் மழை விட்ட பிறகு அளந்துகொள்ளுங்கள்.)

கணக்கு எளியது. திடல் சுற்றியுள்ள சாலையைவிட ஏறக்குறைய ஓர் அடி தாழ்வு, 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பரப்பு சுமார் 4,500 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1,350 கன மீட்டர், அதாவது பதிமூன்றரை லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 135. நான்கு புளோக்கின் கூரையிலிருந்தும் வாகன நிறுத்தத்திலிருந்தும் வரும் தண்ணீர் அங்கே தங்கி, பிறகு கால்வாய்க்கு மெல்லப் போகிறது.

வடிகால் நீர்ப்பாசன இலாகா 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்திவரும் 'மஸ்மா' என்ற வடிகால் கையேட்டின் அடிப்படைக் கருத்தும் இதுதான். தண்ணீரை வேகமாக அடுத்தவர் தலையில் தள்ளாதே, விழுந்த இடத்திலேயே பிடித்துவை. புவானிடம் இதைச் சொன்னபோது அவர் சரியான கேள்வி ஒன்றைக் கேட்டார். புதுக் கட்டடம் வந்தால் அந்தக் கையேட்டின்படி மேம்பாட்டாளரே நீர்த்தேக்கத் தொட்டி கட்ட வேண்டுமே, பிறகு என்ன கவலை? இரண்டு நாள் யோசித்தோம். பதில் இதுதான்: அந்தத் தொட்டி புதுக் கட்டடத்தால் கூடும் தண்ணீருக்குத்தான் கணக்கிடப்படும். முப்பது ஆண்டுகளாக இந்தத் திடலை நம்பியிருக்கும் நான்கு பழைய புளோக்குகளின் தண்ணீர் அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு கணக்கும் சேர்த்தோம். நம் நாட்டுத் திட்டமிடல் தரம் 1,000 பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி. நான்கு புளோக்கில் 320 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 1,280 பேர். இரண்டரை ஹெக்டர் வேண்டும். இருப்பது அரை ஹெக்டருக்கும் குறைவு. அந்தத் தரம் ஊர் முழுவதும் உள்ள பூங்காக்களைச் சேர்த்துப் பார்ப்பது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், மிக அருகில் உள்ள நகரப் பூங்காவுக்குப் போக ஆறுவழிச் சாலையைக் கடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

கடை வேண்டும் என்று சொன்னவர்

இதுவரை படித்தால் எல்லாரும் ஒரே பக்கம் நின்றதாகத் தோன்றும். அப்படி இல்லை.

சாலையோரம் தள்ளுவண்டியில் நாசி லெமாக்கும் இட்லியும் விற்கும் அக்கா ஒருவர் பாரத்தை வாங்க மறுத்தார். "கடை வந்தா எனக்கென்ன நஷ்டம்? வெயில்லயும் மழையிலயும் நிக்கிறேன். என் மகன் வேலைக்குச் சுங்கைவே வரைக்கும் மோட்டார்ல போறான். இங்கேயே வேலை கிடைச்சா? நீ படிச்சிட்டுப் போயிருவே, நாங்கதான் இங்க இருக்கணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்றிரவு எனக்குத் தாமான் ரிம்பா கியாரா நினைவுக்கு வந்தது. எங்கள் வகுப்பில் அதை வழக்குச் சட்டமாகப் படித்தோம். கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய அந்தப் பூங்காவில் உயர்மாடிக் குடியிருப்புக் கட்ட 2017இல் அனுமதி வழங்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021இல் முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள், 2023இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்து அனுமதியை ரத்து செய்தது. நாட்டின் திட்டமிடல் சட்டத்தில் மிக முக்கியமான தீர்ப்பு. மாநகர் மன்றம் தன் அமைப்புத் திட்டத்திலிருந்து காரணம் சொல்லாமல் விலக முடியாது என்று அது நிலைநாட்டியது.

வகுப்பில் எல்லாரும் பூங்கா பிழைத்ததைக் கொண்டாடினோம். அந்தத் திட்டத்திலேயே, புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் ஏறக்குறைய நூறுக்கு வீடு கட்டித் தருவதாக இருந்தது என்பதை நான் பிறகுதான் படித்தேன். பல பத்தாண்டுகளாக நீள்வீடுகளில் நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் தமிழர்கள். பூங்கா வேண்டும் என்றவர்களில் பலர் அந்தக் குடும்பங்களுக்கும் வீடு வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனால், திட்டத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தது. பச்சையைக் காப்பது நல்லது என்று சொல்வது எளிது. அந்தப் பச்சைக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்டுவிட்டுச் சொல்வது கொஞ்சம் கடினம்.

மறுநாள் அக்காவிடம் திரும்பிப் போனேன், இந்த முறை பாரம் இல்லாமல். கடைவீடு வந்தால் வாடகை எவ்வளவு இருக்கும் என்று பேசினோம். பக்கத்துச் சாலையில் ஒரு கீழ்மாடிக் கடைக்கு மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. "அப்ப அது எனக்கில்ல," என்றார். அவருக்கு வேண்டியது கூரையும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஓர் அங்காடி இடம். அதை எழுதினோம்: சாலையோரமாக ஒரு மெல்லிய பட்டை மட்டும் அங்காடிகளுக்கு, மீதி முழுவதும் திறந்தவெளியும் மழைநீர்த் தேக்கமும். வரைபடத்தில் என் அத்தை மகள் கலர் பென்சிலால் தீட்டினாள். அக்கா அதற்குத்தான் கையெழுத்துப் போட்டார்.

பினாங்கில் இப்படிக் கேட்பதையே ஒரு முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012இல் தொடங்கிய பாலினச் சமத்துவ வரவுசெலவு முயற்சி அது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் தீவு, செபராங் பிறை நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து, ஜாலான் சுங்கை, அம்பாங்கான் ஆகிய இரண்டு மக்கள் வீடமைப்புகளில் குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டன. ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் என்று பிரித்துத் தனித்தனியே பேசவைத்து, பிறகு எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்று வாக்களிக்க வைத்தார்கள். பிரித்துக் கேட்டதுதான் அதில் எனக்குப் பிடித்தது. பொதுக் கூட்டம் என்றால் பேசுவது சங்கத் தலைவரும் இரண்டு மாமாக்களும்தான். தள்ளுவண்டி அக்காவுக்கு அந்த நேரத்தில் வியாபாரம் இருக்கும்.

கடைசி நாளுக்கு முதல் நாள் 96 பாரம் கொடுத்தோம். 140 கையெழுத்து 96 பாரமானதில் எனக்கு வருத்தம்தான். ஆனால், அந்த 96இல் ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் இருந்தது. ஒன்றில், "என் கணவருக்கு ஒரு கால் இல்லை, அவர் வெளியே வந்து உட்காரும் ஒரே இடம் இது" என்று எழுதியிருந்தது. அதை நான் மலாயில் பெயர்த்தபோது மேற்கொண்டு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

விசாரணைக்கு மூன்று மாதம் கழித்து அழைப்பு வந்தது. எனக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால், காலைத் தாள் எழுதிவிட்டுப் பேருந்து பிடித்துப் போனேன். எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அங்கிள் தண்ணீர் பற்றிப் பேசினார், நான் கணக்கைச் சொன்னேன், தம்பி துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்திருந்தான், காட்டச் சொன்னார்கள், காட்டினான். நேரம் முடிகிற தறுவாயில், பேச வேண்டியவர் பட்டியலில் இல்லாத பாட்டி எழுந்தார். தோட்டத்து மலாய்தான் அவருக்குத் தெரியும்.

"ஆயேர் நாக் பெர்கி மானா, துவான்?"

தண்ணீர் எங்கே போகும், ஐயா? அவ்வளவுதான் கேட்டார். குழுவில் இருந்தவர்களில் ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து எழுதிக்கொண்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. மாநிலத் திட்டமிடல் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் இன்னொரு பிரிவைக் கண்டுபிடித்தேன். ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது. சென்ற மாதம் நானும் அத்தை மகளும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். யாரும் தடுக்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் பெரும்பகுதி எனக்குப் புரிந்தது. தெருவிளக்குக் குத்தகை பற்றிய பகுதியில் அத்தை மகள் தூங்கிவிட்டாள்.

அடுத்த விடுமுறையில் நில அலுவலகத்துக்குப் போக வேண்டும். திட்டத்தில் பச்சையானாலும், அரசிதழில் வராதவரை அந்த நிலம் திடல் இல்லை என்று புவான் சொன்னதை அங்கிள் மறக்கவில்லை. மனுவின் முதல் வரைவை அவரே நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். நான் மலாயில் பெயர்க்க வேண்டும். இடுபணியில் எனக்குக் கிடைத்தது பி பிளஸ். இரண்டு பக்கம் கேட்டதற்கு ஒன்பது பக்கம் கொடுத்தேன்.